விமான நிலையத்துக்கு ஹயர் பேசுவதற்கு முன்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மகள் இரண்டு சிறு பிள்ளைகளோடு லண்டனிலிருந்து வருகிறாள். விமானம் அதிகாலை 4.40க்குக் கட்டுநாயக்கவில் இறங்குகிறது. மருமகனுக்கு விடுமுறை கிடைக்கவில்லை. எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஒருவர் தன் வானில் போய் ஏற்றி வருவதாகச் சொல்கிறார். மட்டக்களப்பு நகரிலுள்ள ஒரு வாடகை வாகனச் சேவையினர் அதைவிட மூன்றிலொரு பங்கு கூடுதலாகக் கேட்கிறார்கள். மகளோ, வந்திறங்கியதும் கைத்தொலைபேசிச் செயலியிலேயே வாகனம் பிடித்துக்கொள்கிறேன் என்கிறாள். யாரை நம்பலாம்?
— ஒரு தாய், ஆரையம்பதி

பதில்: அம்மா, விலையைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு முதலில் ஒரு விடயத்தை விசாரியுங்கள். அன்றைக்கு வாகனத்தை ஓட்டப்போகிறவர் யார், உங்கள் மகளை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது அவர் எவ்வளவு நேரம் தூங்கியிருப்பார்? வாகனம் புதிதா, குளிரூட்டி வேலை செய்கிறதா என்றெல்லாம் எல்லோரும் கேட்கிறார்கள். இதை மட்டும் கேட்பதில்லை.

ஆரையம்பதியிலிருந்து பொலன்னறுவை, ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாகக் கட்டுநாயக்க ஏறக்குறைய 300 கிலோமீற்றர். நகர்ப்புறங்களுக்கு வெளியே கார் போன்ற இலகு வாகனங்களுக்கான வேக எல்லை மணிக்கு 70 கிலோமீற்றர், நகர்ப்புறத்தில் 50. ஆகவே ஒழுங்காக ஓட்டுகிற எவருக்கும் தேநீருக்கு நிறுத்துவதையும் சேர்த்து ஏழு மணித்தியாலத்துக்குக் குறையாது. 4.40க்கு இறங்கும் விமானத்துக்காக உங்கள் ஒழுங்கைக்காரர் இரவு ஒன்பது மணிக்குப் புறப்படுகிறார் என்று வையுங்கள். பகல் முழுவதும் வேறு வேலை பார்த்தவர், விடிய நான்கு மணிக்குக் கட்டுநாயக்க போய்ச் சேர்ந்து, குடிவரவுச் சோதனையும் பொதிகளும் முடிந்து பிள்ளைகள் வெளியே வரும்வரை ஆறு மணியளவு வரை காத்திருந்து, உடனே திரும்பினால், மின்னேரியா தாண்டி நேராக நீண்டு கிடக்கும் வீதியில் வெயில் ஏறும் நேரத்துக்கு அவர் இருபத்து நான்கு மணித்தியாலத்துக்கும் மேலாகக் கண் மூடாதவராக இருப்பார். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் உடம்பு அதற்கு இடங்கொடுக்காது. பின்னிரவு இரண்டு முதல் ஆறு வரையும், பிற்பகல் இரண்டு முதல் நான்கு வரையும் மனிதருக்குத் தூக்கம் அழுத்தும் நேரங்கள். நமது ஊரிலிருந்து விமான நிலையம் போய்வரும் பெரும்பாலான பயணங்கள் இந்த இரண்டில் ஒன்றிலாவது மாட்டிக்கொள்கின்றன.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. சாரதி முதல்நாள் பகலிலேயே போய் நீர்கொழும்பிலோ கட்டுநாயக்கவிலோ ஓர் அறையில் படுத்து எழும்பட்டும். அறைக்கான பணத்தை நீங்களே கொடுப்பதாகச் சொல்லிவிடுங்கள். அல்லது இரண்டு சாரதிகள் போகட்டும். அதுவும் முடியாவிட்டால், மகளும் பிள்ளைகளும் நீர்கொழும்பில் மத்தியானம் வரை இளைப்பாறட்டும், சாரதியும் அதே நேரத்தில் தூங்கட்டும்; இரவு முழுவதும் விமானத்தில் இருந்த பிள்ளைகளுக்கும் அது நல்லது. நகரிலுள்ள சேவையினர் கேட்கும் கூடுதல் பணத்தில் இந்த அறையோ இரண்டாவது சாரதியோ அடங்கியிருந்தால், உண்மையில் அவர்களுடைய விலைதான் மலிவு. அடங்கவில்லையென்றால் அந்த வித்தியாசம் எதற்காக என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

செயலிகளைப் பொறுத்தவரை, பிக்மியும் ஊபரும் 2015ஆம் ஆண்டிலிருந்து இலங்கையில் இயங்குகின்றன. சாரதியின் பெயர், வாகன இலக்கம், கட்டணம் எல்லாம் பதிவில் இருப்பது அவற்றின் பெரிய நன்மை. கட்டுநாயக்கவிலிருந்து கொழும்புக்கோ நீர்கொழும்புக்கோ போகிறவருக்கு நான் தயங்காமல் அவற்றைச் சொல்வேன். ஆனால் மட்டக்களப்பு வரை என்றதும் நிலைமை மாறிவிடுகிறது. கம்பஹாவிலோ நீர்கொழும்பிலோ வசிக்கும் சாரதி அத்தனை தூரம் வெறும் வாகனத்தோடு திரும்ப வேண்டும். அதனால் பயணத்தை ஏற்றுவிட்டுப் பிறகு இரத்துச் செய்வதும், திரும்பும் ஓட்டத்துக்கென்று கையில் தனியாகப் பணம் கேட்பதும் நடக்கும். கைக்குழந்தையும் பெட்டிகளுமாக விடியற்காலையில் வெளியே நிற்கும் ஒரு பெண் செய்யக்கூடிய பேரமல்ல அது. எதுவும் சரிவராத பட்சத்தில், வருகை மண்டபத்துக்குள்ளேயே இருக்கும் டாக்சிப் பீடங்களில் கட்டணத்தை முன்கூட்டியே பேசிப் பற்றுச்சீட்டோடு வாகனம் எடுப்பது, வெளியே வந்து "டாக்சி, டாக்சி" என்று கையைப் பிடிக்காத குறையாகக் கூப்பிடுகிறவரோடு போவதைவிடப் பாதுகாப்பானது.

ஒழுங்கைக்காரரையே தெரிவு செய்வதென்றால், தெரிந்தவர் என்பதற்காகக் கேட்க வேண்டியதைக் கேட்காமல் விடாதீர்கள். வருமான அனுமதிப்பத்திரம் முன்கண்ணாடியிலேயே ஒட்டப்பட்டிருக்கும், திகதியைப் பாருங்கள். காப்புறுதி வாடகை ஓட்டத்துக்கும் செல்லுமா என்று கேளுங்கள். தனிப்பட்ட பாவனைக்கென்று மட்டும் காப்புறுதி செய்த வாகனத்தைக் கூலிக்கு ஓட்டும்போது விபத்து நேர்ந்தால், இழப்பீட்டை மறுக்க நிறுவனத்துக்கு இடமுண்டு. ஊரில் ஓடும் பல வான்களின் நிலை இதுதான். நட்பு கெட்டுவிடுமோ என்ற கூச்சத்தில் எவரும் வாய் திறப்பதில்லை.

ரயர்களையும் பாருங்கள். பக்கச் சுவரில் ஒரு சிறு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் அச்சாகியிருக்கும். 2319 என்று இருந்தால் அந்த ரயர் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. மேற்பரப்பில் வெட்டு ஆழமாகத் தெரிந்தாலும் வருடக்கணக்கில் வெயிலில் கிடந்த ரப்பர் இறுகி வெடித்துப் போகும். வெட்டுகளுக்கிடையில் குறுக்காக உள்ள சிறு மேடுகளின் மட்டத்துக்கு ரயர் தேய்ந்திருந்தால், மீதம் 1.6 மில்லிமீற்றர்தான், மழையில் அதில் போகக் கூடாது. அடுத்ததாகப் பின் இருக்கைகளின் உறையைத் தூக்கிப் பாருங்கள். பெரும்பாலான வான்களில் இருக்கைப் பட்டியின் கொளுவி உறைக்கு அடியில் புதைந்து கிடக்கும். வெளியே எடுத்து ஒருமுறை மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கான தனி இருக்கை நம்மூர் வாடகை வாகனங்களில் அநேகமாகக் கிடைக்காது. மகள் அங்கிருந்து கொண்டுவருவதானால் அதைக் கட்டுவதற்கும் இந்தப் பட்டிதான் வேண்டும்.

பொதிகளின் எண்ணிக்கையை இப்போதே சொல்லிவிடுங்கள். மூன்று பேருக்கும் ஆளுக்கு இரண்டு பெட்டி என்றால் ஆறு. பிள்ளை வண்டி வேறு. காரில் இது அடங்காது. வானின் கூரையில் ஏற்றுவதென்றால், மார்கழி மழைக்குப் படங்கும் கயிறும் இருக்கிறதா என்று பாருங்கள்.

சாரதிக்கு இறங்கும் நேரத்தை மட்டும் சொல்லாமல் விமான இலக்கத்தையும் கொடுங்கள். டோஹாவிலோ டுபாயிலோ மாறும் விமானம் தாமதமானால் அவரே தன் கைத்தொலைபேசியில் பார்த்துக்கொள்வார். பேசிய தொகைக்குள் எரிபொருள், தரிப்பிடக் கட்டணம், காத்திருக்கும் நேரம், சாரதியின் சாப்பாடு ஆகியவற்றில் எவை அடங்கும், மீரிகமவுக்கும் குருநாகலுக்கும் இடையே 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அதிவேகப் பாதையில் வந்தால் அந்தக் கட்டணம் யாருடையது என்பதையெல்லாம் வட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி, "சரி" என்று ஒரு பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாயால் பேசிய ஹயரில் பிணக்கு வராத வீடு நமது பகுதியில் குறைவு.

கேள்வி: கட்டாருக்கு வேலைக்குப் போகிறேன். விமானச்சீட்டில் 15ஆம் திகதி 03.55 என்று இருக்கிறது. சீற் கணக்கில் ஆள் ஏற்றும் வான் ஒன்றில் இடம் பிடித்திருக்கிறேன். அவர்கள் 14ஆம் திகதி பகல் 12 மணிக்கே வந்து ஏற்றுவோம் என்கிறார்கள். இவ்வளவு முன்னதாகப் போய் அங்கே என்ன செய்வது? தனி வாகனம் பிடிக்க வசதியில்லை.
— வேலைக்குப் புறப்படும் ஒருவர், கல்முனை

பதில்: சகோதரரே, அவர்கள் சொல்வது சரி. இன்னும் சொன்னால், 14ஆம் திகதி என்று அவர்கள் சரியாகச் சொன்னதே நல்ல அடையாளம். வளைகுடா நாடுகளுக்கான விமானங்களில் பல நள்ளிரவு தாண்டித்தான் புறப்படுகின்றன. சீட்டில் 15 என்று இருப்பதைப் பார்த்து 15ஆம் திகதி மாலை பெட்டியைக் கட்டிக்கொண்டு நிற்பவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். அப்போது விமானம் போய்ப் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு மேலாகியிருக்கும்.

கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். பொதுவாக விமானம் புறப்பட மூன்று மணித்தியாலம் இருக்கும்போது பொதி கொடுக்கும் கருமபீடம் திறக்கும். ஒரு மணித்தியாலம் இருக்கும்போது பெரும்பாலான விமான நிறுவனங்கள் அதை மூடிவிடும். முதன்முறை வேலைக்குப் போகிறவருக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் சரிபார்ப்பும் இருக்கும். ஆகையால் இரவு 12.30 அளவில் நீங்கள் கட்டுநாயக்கவில் நிற்க வேண்டும். கல்முனையிலிருந்து ஓடும் நேரம் எட்டு மணித்தியாலம், சாப்பாட்டுக்கும் தொழுகைக்கும் ஒரு மணித்தியாலம், எதிர்பாராத தடைக்கு ஒன்றரை மணித்தியாலம் என்று வைத்தால், தனி வாகனத்துக்கே பிற்பகல் இரண்டு மணிக்குப் புறப்பட வேண்டியிருக்கிறது. சீற் வான் உங்களை ஏற்றிய பின் மருதமுனை, களுவாஞ்சிக்குடி, காத்தான்குடி, ஏறாவூர் என்று வீட்டு வாசல்களில் நின்று நின்றுதான் போகும். ஒருவர் பெட்டிக்குப் பூட்டுத் தேடுவார். இன்னொருவரின் தாயார் அழுகையை நிறுத்த மாட்டார். அந்த இரண்டு மணித்தியாலம் அங்கே கரைந்துவிடும்.

சீற் வான் மோசமானது என்று நான் சொல்ல மாட்டேன். தினமும் அதே வீதியில் ஓடுகிற சாரதிக்கு ஹபரணைக்கும் மின்னேரியாவுக்கும் இடையில் யானை எந்த நேரத்தில் ஏறும், புணாணை, வெலிக்கந்தைப் பக்கம் எங்கே வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பதெல்லாம் மனப்பாடம். ஆனால் தினமும் ஓடுவதுதான் அதன் ஆபத்தும். நேற்றிரவு கட்டுநாயக்க போய் இன்று காலை திரும்பியவரே மறுபடியும் பகல் 12 மணிக்கு உங்களை ஏற்ற வருகிறாரா என்று விசாரியுங்கள். ஆம் என்றால் வேறு வானில் இடம் பிடியுங்கள். முற்பணம் போனாலும் போகட்டும்.

உங்கள் வானில் போகும் மற்றவர்களின் விமான நேரங்களையும் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லோரிலும் முந்திய விமானத்துக்கு ஏற்பப் புறப்பட்டால் நல்லது. பிந்திய விமானத்துக்கு ஏற்பப் புறப்பட்டால் முந்தியவரின் பாடு திண்டாட்டம். கடவுச்சீட்டையும் வீசாப் பிரதியையும் கூரைக்குப் போகும் பெட்டியில் வைக்காமல் கைப்பையிலேயே வைத்திருங்கள்.

கேள்வி: அம்பாறையிலிருந்து கட்டுநாயக்க போக மஹியங்கனை – கண்டி வழி கிட்டம் என்று சாரதி சொல்கிறார். என் மனைவிக்கு வளைவுகளில் வாந்தி வரும். எந்த வழி நல்லது?
— ஒரு வாசகர், அம்பாறை

பதில்: வரைபடத்தில் பார்த்தால் சாரதி சொல்வதில் நியாயமுண்டு. ஆனால் மஹியங்கனையைத் தாண்டியதும் பதினெட்டு வளைவுகள் என்று பெயர் பெற்ற மலை ஏற்றம் வரும். அதற்கப்பால் கண்டி நகர நெரிசல், பெரஹர காலமென்றால் அதுவும் பல மடங்கு. வாந்தி வருகிறவரை ஏற்றிக்கொண்டு அந்த வழியில் போனால் அடிக்கடி நிறுத்தி நிறுத்தியே மிச்சம் பிடித்த நேரத்தைத் தொலைப்பீர்கள். மட்டக்களப்புக்கு வந்து பொலன்னறுவை வழியாகப் போவது தூரம் கூடினாலும் சமதரையான வீதி. நான் அதையே சொல்வேன்.

ஒரு விதிவிலக்கு உண்டு. கார்த்திகை முதல் தை வரையான மழையில் மகாவலி பெருகினால் மன்னம்பிட்டி, கல்லெல்லப் பகுதியில் வீதிக்கு மேலால் வெள்ளம் பாய்ந்து போக்குவரத்து நின்றுவிடும். அப்படியான நாளில் வாகரை வழியாகத் திருகோணமலைக்குப் போய் அங்கிருந்து ஹபரணைக்கு ஏறுவது ஒரு வழி. மஹியங்கனை வழி இன்னொன்று, ஆனால் அதே மழையில் அங்கே மண்சரிவும் இருக்கலாம். புறப்படும் அன்று காலையில் பொலன்னறுவையிலிருந்து வந்த பேருந்துச் சாரதி ஒருவரிடம் கேட்பதைப் போல் உறுதியான செய்தி வேறில்லை. மழைக்காலத்தில் பயணமென்றால் ஒருநாள் முன்னதாகவே போய் நீர்கொழும்புப் பக்கம் தங்கிவிடுங்கள்.

கேள்வி: கட்டுநாயக்கவுக்கு வான் ஒன்றை ஒழுங்கு செய்து, பாதித் தொகையை வங்கியில் வைப்பிலிட்டேன். புறப்பட வேண்டிய நேரத்தில் தொலைபேசியை நிறுத்திவிட்டார்கள். கடைசி நேரத்தில் இரட்டிப்பு விலைக்கு வேறு வாகனம் பிடித்துத்தான் போனோம். இப்போது பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறார்கள். விட்டுவிடுவதா?
— ஏமாந்த ஒருவர், வாழைச்சேனை

பதில்: விட வேண்டாம் ஐயா. வங்கியில் வைப்பிலிட்டது உங்களுக்கு வாய்ப்பு. பற்றுச்சீட்டு கையில் இருக்கிறது. அந்தச் சீட்டு, அவர்களோடு பேசிய குறுஞ்செய்திகள், வாகன இலக்கம் தெரிந்தால் அது, பிறகு பிடித்த வாகனத்துக்குக் கொடுத்த தொகைக்கான சான்று ஆகியவற்றைச் சேர்த்து, இத்தனை நாளுக்குள் பணத்தைத் திருப்பித் தர வேண்டுமென்று பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். பல வேளைகளில் அந்தக் கடிதத்தோடேயே பணம் வந்துவிடும். வராவிட்டால் நுகர்வோர் அதிகாரசபைக்கு முறையிடலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த அந்தச் சபை பொருள்களை மட்டுமல்லாமல் சேவைகளையும் கவனிக்கிறது, தொலைபேசி இலக்கம் 1977. உங்கள் பகுதி மத்தியஸ்த சபையிலும் முறைப்பாடு கொடுக்கலாம். சட்டத்தரணி தேவையில்லை; இரு தரப்பையும் அழைத்துப் பேசித் தீர்ப்பார்கள். தொகை சிறிதென்று நினைத்து எல்லோரும் விட்டுவிடுவதால்தான் இப்படியானவர்கள் பெயரை மாற்றிக்கொண்டு மறுபடியும் விளம்பரம் போடுகிறார்கள்.

அடுத்த முறை பாதித் தொகையை முற்பணமாகக் கொடுக்காதீர்கள். எரிபொருளுக்கென்று ஒரு சிறு தொகை போதும். மீதியை இறங்கும்போது கொடுக்கலாம். முழுப் பணத்தையும் முன்கூட்டியே கேட்கிறவரிடம் வாகனமே இல்லாமலும் இருக்கலாம். ஹயரை எடுத்து, தரகு வைத்துக்கொண்டு, வேறொருவருக்குக் கைமாற்றுகிறவர்கள் நமது பகுதியில் நிறையப் பேர். ஆகவே முதல்நாள் மாலையில், உங்களோடு பேசியவருக்கு அல்ல, வாகனத்தை ஓட்டப்போகிற சாரதிக்கே அழைப்பு எடுத்து, வாகன இலக்கத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தச் சாரதியின் இலக்கத்தைத் தர மறுத்தால், அப்போதே வேறு வாகனம் தேட உங்களுக்கு ஓர் இரவு மீதமிருக்கும்.

கேள்வி: நடக்க முடியாத என் மாமியாரை அனுப்பி வைக்கிறோம். விமான நிலையத்தில் சக்கர நாற்காலியை வாகனச் சேவையினரே ஏற்பாடு செய்வார்களா?
— ஒரு வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: இல்லை அம்மா, அது விமான நிறுவனத்தின் வேலை. சீட்டு எடுத்த முகவரிடம் சொல்லி, பயணத்துக்கு இரண்டு மூன்று நாட்களுக்கு முன்பே பதிவு செய்துவிடுங்கள்; அதற்குத் தனிக் கட்டணம் வாங்குவது வழக்கமில்லை. வாகனத்தைப் பொறுத்தவரை உயரமான வானை விடக் காரின் முன் இருக்கைதான் அவருக்கு ஏறி இறங்க இலகு. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை நிறுத்தச் சொல்லுங்கள், நிறுத்தும் கடையை நீங்களே தெரிவு செய்யுங்கள். சாரதிகள் வழமையாக நிறுத்துவது தங்களுக்கு இலவசச் சாப்பாடு கிடைக்கும் கடையில். அங்கே கழிவறைக்குப் படி ஏற வேண்டியிருந்தால் மாமியாரால் போக முடியாது. வழியில் அவருக்கு ஏதும் சுகயீனம் ஏற்பட்டால் சாரதி வைத்தியசாலை தேடி அலைய வேண்டியதில்லை. எந்த மாவட்டத்தில் நின்றாலும் 1990க்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.